பதினாலு தொப்பி

சுரங்கத்துக்குள் போகக் காசு கேட்கிறார்கள்.
எனக்கு மூத்த குடிமகன் சலுகை வேறு.
கோலாரில் முப்பத்தொரு வருஷம்
காசு கொடுத்து இறக்கினார்கள் என்னை,
பிடித்தம் போக.
"அப்பா, சத்தமா கணக்குப் பார்க்காதீங்க"
என்றாள் பியூலா.

வேல்ஸில் பிம்சைன்ட் என்றொரு ஊர்.
மழை.
மழையைச் சட்டை செய்யாத செம்மறிகள்.
ஓக் மரங்களுக்குக் கீழே
ரோமாபுரிக்காரன் திறந்துவிட்டுப் போன வாய்.

வழிகாட்டும் பெண் மெலேரி
என் தாடைப் பட்டியை இழுத்து மாட்டி
"முதல் தடவையா?" என்றாள்.
தலையாட்டினேன்.
எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று
அவளுக்கு விளங்கவில்லை.

தொட்டியில் ஈதன் மண் அலசினான்.
மினுக்கென்றது.
"தாத்தா, தங்கம்!"
பைரைட். நான் சொல்லவில்லை.
பணக்காரனாக இருக்க
இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும் அவனுக்கு.

பிறகு ஒரு கல்லைக் காட்டினாள்.
பக்கமெல்லாம் குழி.
ஐந்து புனிதர்கள் புயலுக்கு ஒதுங்கித்
தோள் சாய்த்த தடமாம்.
"இல்லையென்றால், தாது இடித்த கல்" என்றாள்,
அரை மனதாக.
குழிக்குள் கையை விட்டேன்.
விளிம்பு வழவழப்பு, அடி சொரசொரப்பு.
ஒரே இடத்தில் ஆயிரம் தடவை சாய
புனிதர்களுக்கு நேரமிருந்திருக்காது.

உள்ளே நடந்தே போகிறோம்.
கூண்டு இல்லை, மணி இல்லை,
வயிறு தொண்டைக்கு ஏறும் இறக்கம் இல்லை.
சாம்பியன் ரீஃபில் நாங்கள் பத்தாயிரம் அடி.
பாறையைத் தொட்டால் அடுப்பிலிருக்கும் தோசைக்கல்.
இங்கே சுவரில் தண்ணீர் வழிகிறது,
மூச்சு புகையாகிறது.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கிற தங்கத்தை
இப்போதுதான் பார்க்கிறேன்.

உளித் தடம்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்:
எல்லா வெட்டும் வலமிருந்து இடம் இறங்க,
ஒரு முழ நீளத்துக்கு மட்டும் இடமிருந்து வலம்.
"இங்கே ஒரு இடதுகைக்காரன்" என்றேன்.
மெலேரி நின்றாள், திரும்பி வந்தாள்,
அவளும் விளக்கைச் சாய்த்தாள்.
வெகு நேரம் பார்த்தாள்.
"பேர் தெரியுமா?"
"யார் பேரும் தெரியாது."

எனக்கும் உள்ளே பேர் இல்லை.
4127.
பித்தளை டோக்கன்.
இறங்கும்போது பலகையில் மாட்டுவோம்,
ஏறியதும் எடுத்துக்கொள்வோம்.
ஷிப்ட் முடிந்த பிறகும் பலகையில் ஒன்று மின்னினால்
அதைப் பார்க்காமல் கடந்துபோக
எல்லோரும் பழகியிருந்தோம்.
எபினேசருடையது
பதினோரு நாள் மின்னியது.

விரல் முட்டியால் கூரையைத் தட்டினேன்.
நல்ல பாறை. பொக்கென்று பேசவில்லை.
பின்னால் வந்த ஜெர்மன்காரரும் தட்டினார்,
ஏதோ சடங்கு என்று நினைத்து.

"விளக்கை அணையுங்கள்" என்றாள்.
இருட்டு.
எல்லோரும் ஓ என்றார்கள்.
நான் கீழே உட்கார்ந்துவிட்டேன்.
விளக்குப் போனால் உட்காரவேண்டும்,
அவ்வளவுதான்.

வெளியே வந்ததும்
தொப்பிகளை அடுக்கி எண்ணினாள்:
"பதினாலு கொடுத்தேன், பதினாலு வந்தது."
அந்தக் கணக்கு சரியாக விழுந்த நொடியில்
என் இரண்டு கையும் மேலே போயின.
கால் அகன்றது.
வாய் தானாகத் திறந்தது.
கேட்டில் அப்படித்தான் நிற்போம்,
அக்குள், பல்லிடுக்கு, செருப்பின் அடி
எல்லாம் தடவிப் பார்த்து முடிக்கும்வரை.
கம்பெனி மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது.
உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.

சோம்பல் முறிக்கிறேன் என்று
மெலேரி நினைத்திருப்பாள்.
ஈதனும் கையைத் தூக்கினான்,
ஜெயித்துவிட்டோம் என்று.

பியூலா மட்டும் பார்த்தாள்.
பேசாமல் கிட்டே வந்து
என் பைகளில் கைவிட்டாள், ஒவ்வொன்றாக.
"சீப்பு. மாத்திரை. பார்க்கிங் சீட்டு."
என் கைகளைப் பிடித்து இறக்கி
"சரி, போகலாம்" என்றாள்.